அப்பாவின் லொறி எஞ்சினுக்கு எத்தனை வயது

தம்பி,

பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும்; உன் கூட்டாளி சொன்னான், வேலைக்குப் போய் வருகிறாயாம், என் பெயர் வருகிற அழைப்பை மட்டும் எடுக்கிறாய் இல்லையாம். நீ பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போன இடியப்பத்தை அடுத்த வீட்டுக் கோழிகள் தின்றன. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கிறேன். கோபப்படாதே. உன் அப்பாவைப் பற்றி நீ கேட்ட கேள்வியைப் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டாய். பதிலும் அந்த அளவு பேருக்காவது கேட்க வேண்டும். நான் சல்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். சுருக்கமாக எழுத எனக்குத் தெரியாது. நீ நின்றுகொண்டு வாசிக்காமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசி.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இவனைப் பெற்றவள் இல்லை. பெற்றவள் என் அக்கா. இவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையைப் பார்க்க என்று ஒரு பையில் நாலு சட்டையும் ஒரு அம்மன் படமுமாக லிங்கநகருக்கு வந்த நான் திரும்பிப் போகவில்லை. அத்தான், அதாவது இவனுடைய அப்பா, முன் வீட்டில், நானும் பிள்ளையும் பின் அறையில். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. பிறகு அதற்கும் வேறு வேலை வந்துவிட்டது. அத்தானிடம் ஒரு பழைய இங்கிலாந்து லொறி இருந்தது. அவருடைய தகப்பன் வாங்கியது. அதில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு இறக்கக்கண்டிக்கும் சல்லிக்கும் போவார். வரும்போது மீன் வரும். அந்த லொறிதான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது. அத்தான் போய் எட்டு வருசமாகிறது. லொறி தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. நீ ஊருக்கு வந்தால் கை கால் கழுவ முதல் அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பாய். சத்தத்தைக் கேட்டுத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன்.

இந்த முறை நீ வந்தது கலியாண வேலைக்கு. கலியாணப் பொம்பிளையை அப்பாவின் லொறியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று உனக்கு ஆசை. அதற்கு முதல் அதைப் பழைய வாகனம் என்று முறையாகப் பதிந்து, ஒரு பத்திரம் எடுத்து, கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று கொழும்பில் இருந்து ஒரு பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவர் நல்ல மனுசன்தான். வெள்ளைச் சட்டையோடு வந்து, சட்டையைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, பெனியனோடு எஞ்சினை மூடுகிற பொனட்டுக்குள் தலையை விட்டவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். அக்கம்பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பொம்பிளையின் தமையன்மாரும் இறக்கக்கண்டியில் இருந்து வந்திருந்தார்கள்.

"லொறிக்கு வயசு பதிவுப் புத்தகத்தில இருக்கு. எஞ்சினுக்கு வயசு எஞ்சினிலதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். முதலில் மேல்மூடியைப் பார்த்தார். அதைத்தான் ஹெட் என்கிறார்கள். அதன் ஓரத்தில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கிற இலக்கம் ஒன்று. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது உங்கட லொறி வந்து பதினொரு வருசத்துக்குப் பிறகு வார்த்தது."

பிறகு எஞ்சினின் பக்கவாட்டில், கையளவு மட்டமான ஒரு இடத்தைத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். "இதிலதான் எஞ்சின் நம்பர் அடிச்சிருக்க வேணும். ஒண்டுமில்லை. அழிச்சிருக்கு."

"அழிச்சதெண்டா?" என்று கேட்டாய்.

"நம்பரை ஏன் அழிக்கிறதெண்டு நான் சொல்லத் தேவையில்லைத்தானே. வருசமும் பொருந்தேல்லை, நம்பரும் இல்லை. நான் கையெழுத்து வைக்க ஏலாது."

அப்போதுதான் பொம்பிளையின் மூத்த தமையன் சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை விட்டான். "அந்தப் பிரச்சினைக் காலத்தில சனம் லொறியளை விட்டிட்டு ஓடினது. ஆரின்ர எஞ்சின் ஆரிட்டப் போனதெண்டு ஆருக்குத் தெரியும்?" பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் உன் முகத்தை நான் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"சின்னம்மா, அப்பா கள்ள எஞ்சினோ ஓடினவர்?"

நான் ஒன்றும் பேசவில்லை. வாய் மூடாத மனுசி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள், கோயில் வரிசையில் நிற்கும்போதுகூட முன்னுக்கு நிற்பவளின் மருமகள் கதை முழுவதும் கேட்டு முடிப்பவள், அந்த இடத்தில் ஊமைபோல நின்றேன். நீ உள்ளே வந்து இடியப்பத்தில் இரண்டு வாய் தின்றாய், எழும்பினாய். "வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச் சொல்லுறன். லொறியை வெட்டிக் குடுத்துவிடுங்கோ. அந்தப் படத்தையும் கலியாண வீட்டில வைக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாய். படம் என்றது அப்பாவின் படம். மாலை கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது உண்மைக்கு வருகிறேன். பரிசோதகர் ஹெட்டைப் பற்றிச் சொன்னபோதே எனக்குக் காரணம் தெரியும். அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடினேன்.

அப்போது உனக்கு ஏழு வயது. ஆயுத பூசை நாள். காலையில் அத்தான் ஐஸ் கொண்டு இறக்கக்கண்டிக்குப் போய்விட்டார். பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றவர் வரவில்லை. நல்ல நேரம் முடிய பத்து நிமிசம் இருக்கும்போது லொறி வந்து நின்றது. நான் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வாசலில் நிற்கிறேன். அவர் இறங்கி முகம் கழுவப் போனார். எனக்குப் பதட்டம். பொனட்டைத் திறந்தேன். மற்ற வீடுகளில் சக்கரத்துக்கும் முன்பக்கத்துக்கும் தெளிப்பார்கள். எனக்கு அது போதாது என்று பட்டது. ஓடுகிறது எஞ்சின்தானே, அதற்குத்தான் அம்மன் காவல் வேண்டும் என்று நினைத்து, குடத்தை அப்படியே கவிழ்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம், சின்னதாக, கோயில் கைமணி தட்டினதுபோல. நல்ல சகுனம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அத்தான் முகம் துடைத்த துவாயோடு ஓடி வந்தார். "என்ன செய்தனீங்கள்?"

"தீர்த்தம் தெளிச்சனான்."

"தெளிச்சதோ, குளிப்பாட்டினதோ?"

அவ்வளவுதான். கொதித்துக்கொண்டிருந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டு ஹெட் வெடித்துவிட்டது. லொறி மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், ஓடாமல் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் அத்தான், "பழசுதானே, வெடிச்சிட்டுது" என்று சொன்னார். ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. என்னிடமும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கிண்ணியாவில் இருக்கிற ஹனீபா நானா என்ற மெக்கானிக், தன்னுடைய முற்றத்தில் உடைத்துப் போட்டிருந்த இன்னொரு லொறியின் ஹெட்டைக் கொண்டு வந்து பூட்டினார். பதினொரு வருசம் பிந்திய ஹெட் அதுதான். களவுமில்லை, ஒன்றுமில்லை. ஒரு குடம் தண்ணீர். அதைப் பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் விலை உன் அப்பாவின் பெயர் என்று அந்த நிமிசம் எனக்கு யோசனை ஓடவில்லை.

ஆனால் அது பாதிதான். நம்பரை யார் அழித்தது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதகர் வந்த ஞாயிறும் மறுநாளும், அந்த இரண்டு நாள் நானும் அத்தானைச் சந்தேகப்பட்டேன். இருபது வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுசனை. விளக்கு வைக்கும்போது அவர் படத்தைப் பார்க்காமல் வைத்தேன். செவ்வாய்க்கிழமை மனம் கேட்கவில்லை. ஹனீபா நானாவின் போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். ஹெட் பூட்டியவருக்கு எஞ்சின் நம்பர் இருந்ததா இல்லையா என்று ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை பின்னேரம் மகனின் ஓட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு முழங்காலும் வீக்கம். ஒரு கையில் தடி, மற்றக் கையில் கண்ணாடிக்கூடு.

"என்ன தங்கச்சி, லொறியக் கழுவித் தொடச்சி வெச்சிரிக்கீங்க, கலியாணம் மாப்புளைக்கா லொறிக்கா?"

"பகிடி பிறகு நானா. முதல்ல இதைப் பாருங்கோ. ஹெட் மாத்தேக்க இதில நம்பர் இருந்ததோ?"

"முப்பது வருசமா எத்தின எஞ்சின் கழட்டிப் பூட்டின நான். ஒங்கட நம்பர மட்டும் மனசுல வெச்சிரிப்பனா?" என்று சொல்லிக்கொண்டு அந்த மட்டமான இடத்தில் பெருவிரலை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத அரம் போட்டு அழிக்கல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"அரம் போட்டா கோடு விழும், ஒரே பக்கமா, நேரா. இதில ஒரு கோடும் இல்ல. நடுவுல குழிஞ்சி, ஓரத்துல எழும்பி, ஒங்கட அம்மிக்கல்லு மாதிரி இரிக்கி. இது கையால தேச்ச எடம். ஒரு நாளுல தேச்சதுமில்ல. வருசக் கணக்குல தேச்சது." கண்ணாடியைப் போட்டுக் கிட்ட வந்து மோந்து பார்த்தார். "சந்தனம் மணக்குது."

தம்பி, அந்தச் சந்தனம் என்னுடையது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமைகளில் காலையில், லொறி வெளிக்கிட முதல், நான் பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பொட்டு வைப்பேன். எஞ்சின் முழுக்க மேடும் பள்ளமும் எண்ணெயும் பிசுக்கும். பொட்டு நிற்கிற மாதிரி மட்டமான இடம் அது ஒன்றுதான் இருந்தது. கடல் காற்றுக்கு ஒரு கிழமைக்குள் அதில் துருவேறிக் கறள் பிடித்துவிடும். கறள் மேல் சந்தனம் வைக்கலாமா? குத்துவிளக்கை எப்படித் துலக்குவேனோ அப்படித்தான் அதையும் துலக்கினேன். பழப்புளியும் செங்கல் தூளும் போட்டு, தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து, சந்தனம், குங்குமம். அதில் ஏதோ கீறல்கள் இருந்தது ஞாபகம் இருக்கிறது. அழுக்கு அடைந்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருப்பேன். அத்தான் போன பிறகும் விடவில்லை. இருபத்தெட்டு வருசத்து வெள்ளிக்கிழமைகள். தீட்டு நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் ஆயிரத்துக்கு மேலே வரும்.

நானாவிடம் சொன்னேன். "நான்தான் நானா. நான்தான் தேய்ச்சனான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "அல்லாவே! களவெடுத்தவன்கூட இவ்வளவு பக்குவமா அழிக்க மாட்டான்!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சரி சரி, அழாதீங்க. ஓரத்துல ஒங்கட கை போகல்ல. டோர்ச்ச நேர அடிக்காம, சாய்ச்சுப் பிடிங்க."

சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் போக, வலது ஓரத்தில் நிழல்போல இரண்டு இலக்கங்கள் எழும்பின. நாலும், பக்கத்தில் ஒன்பதும். நான் உள்ளே ஓடிப்போய் அலுமாரியில் இருந்து லொறிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். எஞ்சின் நம்பர் என்று போட்டிருக்கிற இடத்தில் கடைசி இரண்டு இலக்கமும் நாலு, ஒன்பது. எனக்கு அதோடு போதும் என்று இருந்தது. நானா விடவில்லை. "ரெண்டு இலக்கத்த வெச்சு வழக்காட ஏலா. வயசும் சரியா எண்டு பாப்பம். ஹெட்டுக்கு வயசு கேக்கிறது மாத்தின தொப்பிக்கு வயசு கேக்கிறது மாதிரி. புளொக்கத்தான் கேக்கணும்" என்றார். புளொக் என்றால் எஞ்சினின் உடம்பு. மற்ற எல்லாம் கழற்றிப் பூட்டுவது. உடம்பை மாற்றினால்தான் எஞ்சின் மாறும்.

அவர் விளக்கினார். இரும்பில் எழுத்து இரண்டு விதமாக வருமாம். குழிந்து இருப்பது பிறகு அடித்தது, அதைத் தேய்க்கலாம், அழிக்கலாம், வேறு அடிக்கலாம். எழும்பி நிற்பது வார்க்கும்போதே வந்தது. உருகின இரும்பு அச்சுக்குள் போகும்போதே அந்த வருசமும் கூடப் போய் உறைந்துவிடும். அதை ஒருவரும் பிறகு கொண்டுவந்து ஒட்ட முடியாது. இந்த மாதிரி எஞ்சினில் அது கீழே, எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டருக்குப் பின்னால் இருக்கும். ஆனால் அவரால் குனிய முடியாது. மகனின் கை தடித்த கை, அந்தச் சந்துக்குள் போகாது. "ஒங்கட கை போகும்" என்றார் நானா.

வளையல்களைக் கழற்றி லொறிப் படியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையை விட்டேன். விரல் முழுக்கப் பிசுக்கு. இறுகிப்போன எண்ணெய், மண், எத்தனை வருசத்து மீன் தண்ணீரோ. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றச் சொன்னார். ஒற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் நுனியில் ஒரு வட்டம் பட்டது, ஐம்பது சதக் காசு அளவில். உள்ளே இரண்டு இலக்கம். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள், அரிசிமணிபோல. கண்ணால் பார்க்காமல் விரலால் படித்து நானாவுக்குச் சொன்னேன். அவர் புத்தகத்தோடு ஒப்பிட்டார்.

"புத்தகத்துக்கு ஒரு வருசம் முந்தி" என்றார்.

கையை எடுக்காமலே கேட்டேன். "அப்ப பொருந்தேல்லையா?"

"பொருந்தாம என்ன? முதல்ல புளொக்க வார்க்கணும். அது ஆறணும். பிறகு கடைஞ்சு, நம்பர் அடிச்சு, லொறியில ஏத்தி, லொறியக் கப்பல்ல ஏத்தி, இங்க வந்து இறக்கி, ஆரும் வாங்கி, அதுக்குப் பிறகுதானே புத்தகம் எழுதுறாங்க. ஒரே வருசமா இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவன். புள்ளிய எண்ணுங்க, அது மாசம்."

எண்ணினேன். ஐந்து. எங்கள் கணக்குக்கு வைகாசிப் பக்கம். எனக்கு அப்போது விளங்கிவிட்டது. எங்கள் ஊர் அம்மன் கோயில் மணியும் இப்படித்தான். மணியில் இருக்கிற வருசம் ஒன்று, கோயிலில் கட்டின வருசம் அடுத்தது. அதற்காக மணியை யாரும் களவு மணி என்று சொல்கிறார்களா? வார்த்த நாளுக்கும் அடித்த நாளுக்கும் நடுவில் ஒரு பயணம் இருக்கிறது, அவ்வளவுதான். நானா பின்னேரத் தொழுகையான அசர் தொழ வேண்டும் என்றார். பின் அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன். அவர் தொழுது முடிக்கும் வரை நான் சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்தேன். கும்பிடவில்லை. சும்மா இருந்தேன்.

இருக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நீ பதினாறு வயதில் ஓ.எல். பரீட்சை எழுதின வருசமாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் வாயில் பற்பொடியோடு பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் மெல்லத் தேயுங்கோ" என்றார்.

"ஏன், அதுக்கு வலிக்குமோ?"

"ஓம். கொஞ்சம் வலிக்கும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார். லொறிக்காரனுக்கு எஞ்சின் நம்பர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? அது கரைந்துகொண்டு போவது தெரியாமல் இருக்குமா? தெரிந்திருக்கிறது. தாயில்லாப் பிள்ளையை வளர்க்க வந்தவளின் மனம் நோகும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். குடம் தண்ணீருக்கும் அப்படித்தான்.

இதைக் கேட்டு நீ அவரைத் தெய்வமாக்கிவிடாதே. நான் இரண்டு நாளாக யோசித்துவிட்டேன்: அவர் செய்தது சரியில்லை. "இதில நம்பர் இருக்கு, தேய்க்காதேங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்று அழுதிருப்பேன், அடுத்த வெள்ளி பொட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். 'மெல்ல' என்றால் எனக்கு என்ன தெரியும்? நீ கலியாணம் கட்டப்போகிறாய். வரப்போகிற பிள்ளை உன் வீட்டில் எதையாவது முழு மனத்தோடு, பக்தியோடு தேய்த்துக் கரைத்துக்கொண்டிருப்பாள். நீயும் அவளுடையதைக் கரைப்பாய். மெல்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகாதே. ஏன் என்றும் சொல்லு. அழுதால் அழட்டும். அதேபோல உனக்குத் தெரிந்த ஒன்றை வெட்கத்துக்காக மறைக்காதே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறைத்ததுபோல. அப்பாவும் நானும் ஆளாளுக்கு வாயை மூடினதில்தான் நீ பத்துப் பேருக்கு முன்னால் தலை குனிந்தாய். கேள்வியைக் கேட்டது உன் பிழை இல்லை. பதில் வர முதல் இரும்புக்காரனைக் கூப்பிட்டது மட்டும்தான் உன் பிழை.

அன்று கொட்டகையில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணினேன். உன்னையும் சேர்த்துப் பத்துப் பேர். வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டேன். அக்கம்பக்கம் ஆறு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, குடத்துக் கதையும் சொல்லி, புளிக் கதையும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி தேத்தண்ணி தந்தாள். பரிசோதகருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படங்களை அனுப்பினாள். வட்டம், புள்ளி, சாய்ந்த வெளிச்சத்தில் நாலும் ஒன்பதும் எல்லாம். வந்து இன்னொருக்கால் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து வைப்பாரோ தெரியாது. பிறகு பஸ் ஏறி இறக்கக்கண்டிக்குப் போனேன். பொம்பிளையின் தமையன்மார் இருவரும் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். மூத்தவன் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மாமி, நான் அண்டைக்குப் பகிடிக்குச் சொன்னது..."

"நீர் பகிடிக்குச் சொன்னீர். நான் பகிடிக்குக்கூட ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் வந்தனான்" என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். வலைக்காரர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். முடித்தபோது அவன் கேட்டான், "ஆயிரம் வெள்ளிக்கிழமை தேய்ச்சனீங்களோ மாமி? எங்கட தங்கச்சியை அந்த லொறிப் பக்கம் விட வேண்டாம், நீங்கள் அவளுக்கும் பழக்கிப்போடுவியள்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும்போது ஒரு பை மீன் தந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் வந்தான், காஸ் சிலிண்டரும் வெட்டுகிற குழாயுமாக. "அக்கா, தம்பி வெட்டச் சொன்னவர்" என்றான்.

"தம்பி சொன்னது போன கிழமை. இது இந்தக் கிழமை" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று முதல் முறையாக, தீட்டு இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில் எஞ்சினைத் தேய்க்கவில்லை. பொட்டு வைக்காமலும் விட மனம் வரவில்லை. முன்பக்கத்து மரப்பலகையில் வைத்தேன். அதில் ஒரு நம்பரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

பொம்பிளையை எதில் கூட்டிக்கொண்டு வருவது என்பது உன் விருப்பம். காரில் என்றாலும் எனக்குச் சரி. அப்பாவின் படத்துக்குச் சொன்ன மாலையை நான் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் உன் விருப்பம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நேரில் சொல்லியாகிவிட்டது, அல்லது படமாக அனுப்பியாகிவிட்டது. பத்தாவது ஆள் நீ. உனக்கு நான் படம் அனுப்பப்போவதில்லை. படத்தைப் பார்த்து நம்பினால் அது என் சொல்லை நம்பினதாகத்தான் இருக்கும். நீ வந்து தொட்டுப் பார்.

அந்த வட்டத்தை நான் கழுவவில்லை. பார்த்து முடிந்ததும் நானாவின் சொற்படி திரும்ப எண்ணெய் பூசி விட்டேன், கறள் பிடிக்காமல் இருக்க. உன் கை அப்பாவின் கைபோல மெலிந்த கை, அந்தச் சந்துக்குள் போகும். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விடு. ஸ்டார்ட்டருக்குப் பின்னால், கீழே. முதலில் பிசுக்கு வரும், பிறகு புள்ளிகள் வரும், ஐந்தையும் எண்ணு. ஆனால் நீ வந்தவுடன் வழக்கம்போல ஸ்டார்ட் பண்ணுவாய், எனக்குத் தெரியும். பண்ணினால், ஆறும்வரை பொறுத்திரு. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறேன். குசினியை விட்டு ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே கொண்டு வர மாட்டேன்.

தேய்த்த கையால் எழுதியது,
உன் சின்னம்மா